பொந்துக்குள் ஒரு புழு

மழை பிடிப்பதற்குள் இரண்டு குட்டிகளுக்கும் ஒரு பொந்து பார்த்துவிட வேண்டும் என்று அணிலுக்கு ஒரே பதற்றம். சேர்த்துவைத்த கொட்டை மொத்தத்தையும் தந்தால் தன் பொந்தைத் தருவதாகச் சொன்னது கிளி. "எதுக்கும் ஒரு தடவை தட்டிப் பார்த்துடலாமே" என்று அணில் மரங்கொத்தியைக் கூட்டிவந்தது.

மரங்கொத்தி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அடிமரத்தைத் தட்டியது, கெட்டியாகத்தான் இருந்தது. பொந்துக்குள் போய்ப் பின்சுவரைத் தட்டியதும் அலகு உள்ளே இறங்கி, கொழுத்த புழு ஒன்றோடு வெளியே வந்தது.

கிளி கிட்டே வந்து கிசுகிசுத்தது. "முழுங்கிடுங்க அண்ணே. அந்தம்மா வெளியேதானே நிக்குது? இனி இந்தத் தோப்பில யார் வீடு மாத்தினாலும் உங்களைத்தான் கூப்பிடச் சொல்வேன்."

மரங்கொத்தி புழுவைக் கொண்டுபோய் அணிலின் முன்னால் வைத்தது. "பின்பக்கம் பூரா இதுதாம்மா. பெருங்காத்து அடிச்சா நிக்காது."

அணில் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டு கீழே இறங்கியது.

"ஒரு புழுவை முழுங்கத் தெரியலை! இனிமே உன்னை எவன் கூப்பிடுவான்?" என்று கத்தியது கிளி.

பாதி மரத்தில் அணில் நின்று திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, எதிர்ல ஒரு புளியமரம் இருக்கு. அதையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கிறீங்களா?"