அப்டேட் பண்ணாத டிரைவர்

"ஆப்பை அப்டேட் பண்ணாம எப்படிண்ணா டாக்ஸி ஓட்டுறீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்சீட்டில் என் பக்கத்தில் அப்பா. பத்து மணிக்கு டயாலிசிஸ். விட்டால் நாளைக்குத்தான். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான், ஆனால் அப்பாவால் பத்தடி நடக்க முடியாது.

கிளம்பும்போதே டிரைவர் போன் நின்றுபோய் அஞ்சு நிமிஷம் காலி. அப்புறம் மேப்பை நம்பி, தோண்டிப் போட்ட ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பழைய வெர்ஷன் மேடம். ரோடு மூடினது இதுக்குத் தெரியாது." ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"சாவகாசமா சொல்றீங்க! நாலு டாக்ஸி வரமாட்டேன்னுடுச்சு, அஞ்சாவதா நீங்க கிடைச்சீங்க. உங்க போன் இந்த லட்சணம்! அப்டேட் பண்ண வேண்டியதுதானே?"

"வேணாம் மேடம்."

"காசா பணமா? ஒரு தடவை அமுக்கினாப் போதும்!"

"தெரியும் மேடம். வேணாம்."

அப்பா என் கையைப் பிடித்தார். "விடும்மா. அவர் போன், அவர் இஷ்டம்."

"சும்மா இருங்கப்பா. இன்னிக்கு இவரை விடப்போறதில்லை."

எந்தெந்தச் சந்திலோ புகுந்து, ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஓடிப்போய் வீல்சேரையும் அவரே தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவை நர்ஸ் உள்ளே கூட்டிப்போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் மாட்டியிருந்த போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"மேடம், மேடம்..."

"நானே பண்ணித் தர்றேன். அடுத்து ஏறுறவங்களாவது நிம்மதியா போகட்டும்."

புது வெர்ஷனில் என்னென்ன வசதி என்று பட்டியல் வந்தது. முதல் வரியையே சத்தமாகப் படித்தேன்.

"சவாரியை ஏற்கும் முன்பே, இறங்கும் இடமும் தூரமும் தெரியும். பார்த்தீங்களா? எவ்வளவு வசதி! மத்த டிரைவருங்க எல்லாம் இதைத்தானே வெச்சிருக்காங்க?"

"ஆமா மேடம், எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்காங்க."

போனை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நானும் ஒண்ணும் பெரிய உத்தமன் இல்ல மேடம். ரெண்டு தெருதான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அஞ்சாவது டாக்ஸியும் வந்திருக்காது."