ஷட்டரில் ஓர் இஸ்திரிப் பெட்டி

மரக்காணம் உப்பளத்து வெயில் சாலையைத் தாண்டி வந்து, தாஹா பாயின் டீக்கடை ஷட்டரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. கடையின் இடப்பக்கச் சுவர் ஒரு பெரிய கட்சிக்கு, வலப்பக்கச் சுவர் இன்னொரு பெரிய கட்சிக்கு. மேடையில் எவ்வளவு முறைத்துக்கொண்டாலும் இந்தப் பங்கில் மட்டும் இருவருக்கும் தகராறு வந்ததில்லை. மூன்றாவது கட்சி வேட்பாளர் ஜெரால்டுக்குச் சாலை நெடுகத் தேடியும் ஒரு சாண் சுவர் கிடைக்கவில்லை. போனால் போகிறதென்று பாய் கொடுத்தது இந்த ஷட்டர்தான். ஜும்மா தொழுகைக்காகச் சாத்திய அதன்மேல் ஜெரால்டு தன் சின்னமான இஸ்திரிப் பெட்டியை நீலப் பெயின்ட்டில் வரைந்து முடிக்கிறார். கைப்பிடியின் வளைவுக்கு மட்டும் பிரஷ் இன்னொரு முறை போய் வருகிறது. தொழுதுவிட்டு வந்த பாய் தொப்பியை மடித்துப் பையில் வைக்கிறார். "ஓட்டு உனக்குத்தாம்பா. செவுத்த மட்டும் கேக்காத. ஓட்டு யார் கண்ணுக்கும் தெரியாது, செவுரு ஊருக்கே தெரியும்." ஜெரால்டு சிரிக்கிறார். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க பாய். எண்ணும்போது டெபாசிட்டு போயிடுது." உப்பு லாரி ஒன்று ஹாரன் அடித்து நிற்கிறது. "பாய், ரெண்டு டீ!" பாய் குனிந்து ஷட்டரைத் தூக்குகிறார். ஈரம் காயாத இஸ்திரிப் பெட்டி மடிப்பு மடிப்பாக மேலே ஏறிச் சுருண்டுகொள்கிறது. பிரஷும் கையுமாக ஜெரால்டு அண்ணாந்து பார்க்கிறார். "ஓட்டு போடுற அன்னிக்காவது கடை லீவுதானே பாய்?" பாய் அடுப்பைப் பற்றவைக்கிறார். "அன்னிக்குத்தாம்பா நல்ல யாவாரமே."