இடது ஆறு, வலது ஆறு

என் கண்ணுக்குத் தப்பும் வித்தியாசம் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. இடது பக்கம் ஆறு படம், வலது பக்கம் ஆறு படம் போட்டு, எதை வைத்துப் பிரித்திருக்கிறது என்று வாரப் பத்திரிகையில் கேட்பார்களே, அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இந்த வாரப் புதிருக்கு மட்டும் சாயங்காலத்துக்குள் விடை அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் பத்திரிகைக்காரர்கள் இனி என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அக்கா அதைப் பல் தேய்த்துக்கொண்டே முடித்துவிட்டாள். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"யாரைப் பாத்து எழுதுன?"

"படத்தைப் பாத்துதான்டா எழுதுனேன்."

"அடுத்தவங்களைப் பாத்து எழுதுறதுக்கு வெக்கமா இல்ல? சரி, விடையைச் சொல்லு. சரியான்னு பாக்கிறேன்."

"நீ முதல்ல சொல்லு."

எனக்கு இப்போது அச்சகத்தின் மேலும் சந்தேகம். "ஏதோ ஒரு படத்தை மாத்திப் போட்டுட்டாங்க போல."

அக்கா என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இந்தப் பன்னிரண்டையும் வரைஞ்சு அனுப்பினதே நீதானடா? எதை வெச்சுப் பிரிச்சேன்னு மறந்துட்டியா?"

"சேச்சே" என்றேன்.

அவள் குளிக்கப் போனதும் அவளுடைய தாளைத் திருப்பிப் பார்த்தேன். 'இடது பக்கத்துப் படங்களைப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் வரையலாம், வலது பக்கத்துப் படங்களை அப்படி வரைய முடியாது' என்று இருந்தது.

ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.