கை பழகும் வரை

"ஒரு சாயாவாவது அவரே போட்டுக் குடிக்கணும் மேடம். அது போதும் எனக்கு" என்றாள் மாடம்மாள்.

அவள் கணவர் இசக்கிப்பாண்டி விழிஞ்ஞத்தில் கொத்தனாராக இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருந்த பத்மப்ரியா, சட்டைப் பொத்தான் போடுவது முதல் அடுப்பு பற்றவைப்பது வரை அவருக்கு மறுபடியும் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றும் டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. மாடம்மாளின் முகம் வாடியது. தரையைத் துடைத்துவிட்டு, மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள்.

அவள் போனதும், பத்மப்ரியா பார்ப்பதைக் கவனிக்காமல், அதே கையால் ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றிச் சிந்தாமல் குடித்தார் இசக்கிப்பாண்டி.

பத்மப்ரியாவுக்குக் கோபம் வந்தது. "அப்போ வேணும்னேதான் கீழ போடறீங்களா அண்ணாச்சி? அவங்க கடைசிவரைக்கும் உங்களுக்குச் செஞ்சுகிட்டே இருக்கணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப மருந்து வாங்கப் போனது எனக்கில்ல மேடம், அவளுக்குத்தான். கேன்சர். இனிமே செய்ய ஒண்ணுமில்லன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு. 'நீங்க தனியா சமாளிச்சிருவீங்கன்னு தெரிஞ்சா நிம்மதியா கண்ண மூடிருவேன்'னு சொல்லுதா. அவ கண்ணு முன்னால நான் எப்படி மேடம் செய்வேன்?"

மாடம்மாள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "ஏதாவது பிடிபட்டுச்சா மேடம்?"

பத்மப்ரியா அவர் பக்கம் திரும்பவில்லை.

"இல்லக்கா, இன்னும் நாளாகும். அதுவரைக்கும் நீங்கதான் கூட இருக்கணும்."