இலை உருவிய கை

செருந்தி மரத்தடியில் கிடந்த தொப்பி அடுத்த வீட்டு குவோயுடையது. பின்பக்கம் கிழிந்து நீல நூலால் தைத்த அந்தத் துணித் தொப்பியை சா டெக் ஊரில் வேறு எவனும் தலையில் வைக்க மாட்டான்.

தோவா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தாள். நேற்று அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது தழைத்து நின்ற மரம் இன்று மொட்டைக் குச்சியாக நின்றது. உருவிப்போட்ட இலையெல்லாம் வேரடியில் குவிந்து கிடந்தது.

செருந்திக்கு இலை உருவத்தான் வேண்டும். உருவினால்தான் மொட்டு கண் திறக்கும். ஆனால் அதற்கு ஒரு காலம் இருக்கிறது. வருஷத்தின் கடைசிப் பௌர்ணமியில் உருவினால், டெட் புத்தாண்டுக் காலையில் மரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க நல்லது. அந்தப் பௌர்ணமிக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. இப்போது உருவினால் எல்லாம் முன்னாலேயே பூத்துக் கொட்டி, டெட் அன்று வாசலில் வெறும் குச்சிதான் நிற்கும். இது அந்த ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். குவோய்க்குத் தெரியாதா?

வேறு வருஷமாக இருந்தால் நாலு வசவோடு விட்டிருப்பாள். இந்த வருஷம் அவள் அந்த மரத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். மழைக்காலம் பூராவும் அவள் கணவன் கியெமுக்கு வயிற்றுவலி. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தவன், வெறும் வாய்வுதானாம் என்று சொல்லிவிட்டுச் சுருண்டு படுத்தான். புத்தாண்டுக் காலையில் செருந்தி நிறையப் பூத்துவிட்டால் அந்த வலி போய்விடும் என்று தோவா யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் நேர்ந்துகொண்டிருந்தாள்.

அதனால் தோட்டத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊறுகாய்க்குக் கடுகுக்கீரை, கியெமுக்குப் பிடித்த கொத்தமல்லி, வாசலை அடைத்து மூங்கில் கூடைகளில் சாமந்தி. வசந்தம் வருகிறதென்றால் அவளைக் கையில் பிடிக்க முடியாது. பனியில் கால் நனைய நடந்து ஒவ்வொரு மொட்டாகத் தடவிப் பார்ப்பாள். கீரையில் புழு பொறுக்கும்போதுகூட வாயில் பாட்டு ஓடும். டெட்டுக்குச் சட்டைத்துணி எடுக்கலாமா என்று கேட்டபோது மட்டும், எனக்கெதுக்கு, இருக்கிறதே கிழியவில்லை என்றுவிட்டான் கியெம். கஞ்சன் கஞ்சன்தான் என்று சிரித்துக்கொண்டாள்.

இன்று பாட்டெல்லாம் வசவாக வந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். குவோய் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். போன டெட்டுக்கு அவன் வீட்டு மரம் பூக்காமல் ஏமாற்ற, தெருவே தோவா வீட்டு வாசலில் நின்று தேநீர் குடித்தது. அந்த எரிச்சல் இத்தனை நாள் உள்ளே புகைந்திருக்கிறது, வேறென்ன?

"இது யாரு தொப்பி?"

"என்னுதுதான், தங்கச்சி."

"இலையை உருவினது?"

குவோய் பூவாளியைக் கீழே வைத்தான். "நான்தான்."

இல்லை என்று சாதிப்பான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது. ஏன் உருவினாய் என்று கேட்டால் மறுபடி பூவாளியைத் தூக்கிக்கொண்டான். என்றும் அண்ணே என்று கூப்பிடுகிறவள், அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டித் தீர்த்தாள். அவன் மனைவி வெளியே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். குவோய் கையமர்த்தி அவளை உள்ளே அனுப்பிவிட்டான்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். தோவாவுக்கு அது உறுதியாகிவிட்டது. இன்னொன்றும் உறுத்தியது: அத்தனை இலையை உருவியும் ஒரு மொட்டுகூட உடையவில்லை. அவசரத்தில் செய்த வேலை இல்லை இது. பக்கத்தில் நின்று, நிதானமாக, திட்டம் போட்டுச் செய்திருக்கிறான். அவள் வீட்டு நல்லதைப் பூவோடு சேர்த்துப் பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறான். அதுவும் வீட்டில் ஒரு நோயாளி படுத்திருக்கும்போது.

தெருத்தலைவர் வீட்டில் பஞ்சாயத்து வைக்காமல் விடுவதில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நாளாகப் படுக்கையை விட்டு எழாத கியெம், செருந்தி மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மொட்டுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேலியோரம் அவள் போட்ட சத்தமெல்லாம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எங்கேயும் போகாதே, தோவா. அவனை ஒண்ணும் சொல்லாதே. உருவச் சொன்னதே நான்தான்."

இந்த மனுஷனுக்கு வயிற்றில்தான் கோளாறு என்று நினைத்தால், மூளையிலுமா?

"உங்களுக்கென்ன பைத்தியமா? டெட் வர்றதுக்குள்ள எல்லாம் பூத்துக் கொட்டிடுமே. அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

கியெம் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"மரம் பொறுக்கும், தோவா. எனக்கு அவ்வளவு நாள் இல்ல."