கட்டிப்பிடித்து அழுதவர்

“அந்தப் பெட்டியை அவிழ்க்காதே. கொஞ்ச நாளைக்குன்னு வந்த இடத்துல எதுக்கு எல்லாத்தையும் கடை பரப்பிக்கிட்டு?” என்றார் போதகர்.

“அப்போ மாத்துத் துணிக்கு என்ன செய்வீங்களாம்?” என்று கேட்டபடியே போதகரம்மா பெட்டியை அவிழ்த்தார். கடல் தாண்டி மிஷன் ஊழியத்துக்கு வந்து இன்னும் வாரம் முடியவில்லை. அதற்குள் இந்த வாக்குவாதம் காலை ஜெபம் மாதிரி தினப்படி வழக்கமாகிவிட்டது.

புது வீடு ஆலயத்தை ஒட்டியே இருந்தது. குழாயைத் திருகினால் முதலில் இருமும், பிறகுதான் தண்ணீர் வரும். புத்தக அலமாரியில் ஒரு விரல் நுழைய இடமில்லை. யாருடைய வேத விளக்க நூல்களோ தடித்தடியாக அடைத்துக்கொண்டு நின்றன.

“முன்னாடி இருந்த ஐயாவோடதுங்க. அவரும் உங்களை மாதிரியே வெளிநாட்டு ஊழியத்துக்குப் போயிருக்காரு” என்றார், சாவி கொண்டுவந்து கொடுத்த இந்தச் சபையின் பொருளாளர். சிரித்த முகம். “உங்க சபைச் செயலாளர் எனக்கு மச்சான்தாங்க. அவர் கஷ்டம்னா நான் பார்ப்பேன், என் கஷ்டம்னா அவர் பார்ப்பாரு.”

செயலாளர் என்ற பேச்சை எடுத்ததுமே போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. வழியனுப்பு விழாவில் அந்த மனிதர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாரே! “கொஞ்ச நாள்தான் ஐயா. போய் அங்க ஒரு விளக்கை ஏத்தி வெச்சுட்டு வந்துடுங்க. உங்க இடத்துல இன்னொருத்தரை நினைச்சுக்கூடப் பார்க்க மாட்டோம்.”

எப்படி நினைக்க முடியும்? பிரசங்கத்தை இவர் எவ்வளவு நீட்டினாலும் கண்ணை மூடி, தலை தொங்கி, அதிலேயே லயித்துக் கிடந்த சபை அது. கல்யாண வீட்டில் இவர் ஜெபித்து முடிப்பதற்குள் இலையில் சாப்பாடு ஆறிப்போகும். ஆனாலும் ஒருவர்கூட முகம் சுளித்து இவர் பார்த்ததில்லை. ஜெபத்தில் கண்ணை மூடியிருப்பவர் எங்கே பார்ப்பது என்று போதகரம்மா மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பார்.

அன்றைக்குப் போதகர் படிக்கிற கண்ணாடியைத் தேடு தேடென்று தேடினார். ஊரில் மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் உறைத்தது.

“கோயில்பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்பச் சொல்றேன்” என்றார். ஆலயத்தில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை, பூட்டிய வீட்டைச் சாயங்காலம் திறந்து விளக்குப் போடுவார் என்று செயலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். கைபேசிக்கு இன்னும் உள்ளூர் சிம் வாங்கவில்லை. ஊரில் விளக்கு வைக்கும் நேரம் பார்த்து, கூடத்தில் இருந்த தொலைபேசியிலேயே தன் வீட்டு எண்ணை அழுத்தினார்.

“வெளிநாட்டு நம்பரைப் பார்த்து மிரண்டு, எடுக்காம இருந்துடப் போறாரு” என்றார் போதகரம்மா.

மணி அடித்ததும் அடிக்காததுமாக எடுத்துவிட்டார்கள்.

“ஸ்தோத்திரம்! இப்பவாவது கூப்பிடணும்னு தோணுச்சே!” என்றது ஒரு கணீர்க் குரல். அது கோயில்பிள்ளையின் குரல் இல்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

போதகர் தடுமாறினார். “கோயில்பிள்ளை இல்லீங்களா?”

“அவர் மணி அடிக்கப் போயிருக்காரு. ஏன், இந்த ஊர்ப் போதகர்கிட்டச் சொன்னா ஆகாதாக்கும்?”

“போதகரா? எப்பலேர்ந்து?”

“போன ஞாயித்துக்கிழமைலேர்ந்து. செயலாளர் கெஞ்சினாரு, தட்ட முடியல. ஜனங்க மேய்ப்பன் இல்லாம தவிக்குறாங்க, கொஞ்ச நாளாவது வந்து பாருங்கன்னாரு.”

இவர் விமானம் ஏறியது அதற்கு முந்தின நாள்தான். படுத்த பாயின் சூடுகூட ஆறியிருக்காது, அதற்குள் ஆளை உட்காரவைத்துவிட்டார்கள்!

அந்தச் சபையில் இவர் எத்தனை பிள்ளைகளுக்குப் பேர் வைத்திருக்கிறார், எத்தனை சாவு வீட்டில் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறார்! செயலாளர் இவர் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கியது அழுகையே இல்லை, சிரிப்பை அடக்கியது என்பது இப்போதுதான் புரிந்தது.

“நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்களே!” என்று வாய்விட்டு அலறினார். போதகரம்மா ஓடிவந்து தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

“யோவ்! நீர் உட்கார்ந்திருக்கிறது என் நாற்காலி! அது என் வீடு, என் சபை! ஒருத்தன் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் நுழைஞ்சுட்டீரே, உமக்கு வெட்கமா இல்ல? யாருய்யா நீர்?”

எதிர்முனையில் குக்கர் மட்டும் இன்னொரு முறை கத்தி ஓய்ந்தது.

“அதை நான்ல கேக்கணும்?” என்றது குரல். இப்போது அதில் கணீர் இல்லை. “என் வீட்டு நம்பர்லேர்ந்து பேசுறீரே, நீர் யாருய்யா?”