ஸ்பிரிங்கின் கணுக்கால்

“முடியாதுன்னா முடியாதுதான் சார்.”

கிளப்பின் பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் கோச்சுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“ஏம்மா, என் கண்ணெதிர்லதானே எல்லாம் செஞ்சா? ஒத்தைக் கால்ல நின்னா, ஒத்தைக் கால்லயே தத்தினா, பக்கவாட்டுல ஓடினா. ஒரு தடவையாவது முகம் சுளிச்சாளா? வீக்கம் எங்கே இருக்கு, காட்டு பார்ப்போம்!”

பிசியோ அறைக் கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். வாலிபால் அணியில் அவளுக்கு ‘ஸ்பிரிங்’ என்றுதான் பெயர். வலைக்கு மேலே அவள் எழும்பினால் எதிரணி அண்ணாந்து பார்க்கும். போன மாதம் அப்படி எழும்பி இறங்கியபோது எதிராளியின் பாதத்தின் மேலேயே இறங்கிவிட்டாள். கணுக்கால் மடங்கி, சுளுக்கி, ஷூவைக் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிப்போனது.

கோச் அவள் பக்கம் திரும்பினார்.

“நீயே சொல்லு. வலிக்குதா?”

“இல்ல சார்.”

“ஃபைனல் ஆடறியா?”

ஸ்பிரிங் பிசியோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க சொன்னா ஆடறேன் சார்.”

“கேட்டியா? ஆடப்போறவளே ஆடறேங்கறா. நடுவுல உனக்கு என்னம்மா வந்தது?”

“வலி போறது வேற, ஆடத் தயாராகறது வேற சார். கால் இன்னும் தயாராகலை. நான் சம்மதிக்க மாட்டேன்.”

பிசியோ சம்மதிக்காமல் அடிபட்டவரைக் களத்தில் இறக்கக்கூடாது என்பது கிளப்பின் சட்டம். கோச் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

ஃபைனலில் தோற்றார்கள். அதுவும் கடைசி செட்டில், நூலிழையில்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோச் முன்சீட்டிலிருந்து எழுந்து நின்றார்.

“எல்லாரும் நம்ம டாக்டரம்மாவுக்கு ஒரு கை தட்டுங்க. ஒரு கணுக்காலைக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. கப்பு கிடக்குது, கப்பு!”

பின்சீட்டில் யாரோ தட்டியும் விட்டார்கள். பிசியோ மடியிலிருந்த ஐஸ் பையை நகர்த்தி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோச் அதோடு விடவில்லை. கிளப் செயலாளரிடம் போய் உட்கார்ந்துவிட்டார்.

“தொட்டதுக்கெல்லாம் பயப்படற ஆளை வெச்சுக்கிட்டு டீம் நடத்த முடியாது சார். அந்தம்மா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

பழைய கோச்சா, புது பிசியோவா என்றால் செயலாளர் யோசிக்கவா போகிறார்? “சரி, இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிடறேன்” என்றார். அன்றே சொல்லியும் விட்டார்.

மறுநாள் பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு ஸ்பிரிங் மட்டும் தயங்கித் தயங்கி கோச்சிடம் வந்தாள்.

“பிசியோ அக்காவை அனுப்பாதீங்க சார்.”

“உன்னோட ஃபைனலையே கெடுத்தவளுக்கு நீயே சிபாரிசா?”

“அவங்க கெடுக்கலை சார். கால் நல்லாயிடுச்சு, ஆடலாம்னுதான் அக்கா முதல்ல சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னேன்.”

கோச் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

“குதிச்சிடறேன் சார். எறங்கறப்போதான்… கீழே யாரோட காலோ இருக்கிற மாதிரியே இருக்கு. அக்காகிட்ட அழுதுட்டேன். ‘அதுவும் காயம்தாண்டி. அது ஆறாம உன்னை எறக்கினா தப்பு. கோச்கிட்ட போய் சொல்லிடு’ன்னாங்க. சொல்ல மாட்டேன்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். ‘சரி, கால் மேலேயே பழியைப் போட்டுடறேன். திட்டு வந்தா எனக்கு வரட்டும்’னாங்க.”

“ஏன்? என்கிட்ட சொன்னா உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?”

ஸ்பிரிங் விரல் நகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

“போன வருஷம் கேப்டன் அக்கா தோள்பட்டை சரியானப்புறம், பயமா இருக்குன்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்க. அதுக்கப்புறம் நீங்க அவங்களை ஒரு மேட்ச்லயும் எறக்கலையே சார்.”

கோச்சுக்கு நினைவிருந்தது. ‘பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் என் டீம்ல இடமில்லை’ என்று தான் கத்தியதும், மற்ற பெண்கள் சிரித்ததும்கூட நினைவிருந்தது. கேப்டன் அதற்குப் பிறகு பயிற்சிக்கே வராமல் நின்றுபோனாள். அதை அவர் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நீ வீட்டுக்குப் போம்மா” என்றார்.

நேராகச் செயலாளரிடம் போனார். ‘நான் சொன்னது தப்பு, அந்தம்மா இருக்கட்டும்’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. இருந்தாலும் எப்படியோ சொல்லி முடித்தார். பிறகு பிசியோவின் அறைக்கு வந்தார்.

விஷயம் இன்னும் அவள் காதுக்குப் போகவில்லை. கட்டுத்துணிகளையும் டேப்புகளையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கோச் வாசலிலேயே நின்றார்.

“ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்கம்மா. அன்னிக்கு அந்தப் பொண்ணு ஆட பயந்துதானே பின்வாங்கினா?”

பிசியோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“அவளா? ஆடியே தீருவேன்னு என்கிட்ட அவ்வளவு அடம் பிடிச்சா சார். நான்தான் விடலை.”